பிள்ளையின் காய்ச்சலும் பெண்ணின் உழைப்பும்

உத்தியோகம் பார்க்கும் தாய்மாரை நோக்கி எமது ஊர்களில் எறியப்படும் கேள்வி ஒன்றுண்டு. "நர்சரியில் போட்ட நாள் தொடக்கம் புள்ளைக்கு வருத்தந்தானே, அப்படி என்ன உழைப்பு வேண்டிக் கிடக்கு?" கல்முனையிற் கேட்டாலும் நிந்தவூரிற் கேட்டாலும் அக்கரைப்பற்றிற் கேட்டாலும் சொற்கள் சிறிது மாறுமேயன்றிக் கேள்வி மாறுவதில்லை. அயல் வீட்டு ராத்தா அனுதாபத்தோடு கேட்பார். மாமியார் மனத்தாங்கலோடு கேட்பார். அதிபர் லீவுப் படிவத்தைப் புரட்டியவாறு வாய் திறவாமலே கேட்பார். கேட்பவர் எவராயினும் அக்கேள்விக்குள் ஒரு தீர்ப்பு முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கின்றது. பிள்ளையின் நோய்க்குக் காரணம் தாயின் சம்பளம் என்பதே அத்தீர்ப்பு.

இத்தீர்ப்பு பொய்யானது, சிலருக்கு மிக வசதியானதும்கூட. அச்சிலர் யாவர் என்பதைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகின்றேன்.

முதலில் நோயைப் பற்றிச் சில வார்த்தைகள். தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்புச் சக்தி குழந்தையின் உடலில் முதலாண்டுக்குள்ளேயே பெரும்பாலும் கரைந்துவிடுகின்றது. அதன் பின்னர் ஒவ்வொரு கிருமியையும் அது தானே எதிர்கொண்டு அறிமுகஞ் செய்துகொள்ள வேண்டும். தடிமனை உண்டாக்கும் வைரசுகள் மட்டும் இருநூறுக்கு மேற்பட்டவை. அவற்றுட் பெரும்பாலானவற்றுக்குத் தடுப்பூசி கிடையாது. சின்னமுத்துக்கும் கூகைக்கட்டுக்கும் ஒன்பதாம் மாதத்திலும் மூன்றாம் வயதிலும் எமது பிள்ளைகளுக்கு ஊசி ஏற்றப்படுகின்றது. தடிமனுக்கு அப்படியொரு கொடுப்பினை இல்லை. சிறு பிள்ளையொன்று ஆண்டுக்கு ஆறு முதல் எட்டு முறை தடிமனால் வருந்துவது இயல்பு என்பர் மருத்துவர். முன்பள்ளியிற் புதிதாகச் சேர்ந்த பிள்ளைக்கு இத்தொகை பத்தையும் தாண்டலாம். வயிற்றோட்டமும் கண்நோயும் கை கால் வாய்க் கொப்புளமும் இக்கணக்கில் அடங்கா.

வீட்டோடு வைத்திருந்தால் இவையெல்லாம் வாரா எனச் சிலர் வாதிப்பர். அமெரிக்காவின் டூசன் நகரிற் சுமார் ஆயிரம் குழந்தைகளைப் பிறந்த நாள் முதல் பதின்மூன்று வயது வரை தொடர்ந்து அவதானித்த ஆய்வொன்று 2002ஆம் ஆண்டில் வெளிவந்தது. பெரிய பராமரிப்பு நிலையங்களில் வளர்ந்த பிள்ளைகள் இரண்டாம் வயதில் மற்றவர்களிலும் அதிகமாகத் தடிமன் பிடித்தனர். ஆனால் ஆறு வயது முதல் பதினொரு வயது வரை அவர்களே குறைவாகப் பிடித்தனர். பதின்மூன்றாம் வயதில் இரு சாராருக்கும் வேறுபாடு இருக்கவில்லை. ஆக, முன்பள்ளியிற் பிடியாத தடிமனைப் பிள்ளை முதலாம் வகுப்பிற் பிடிக்கின்றது. கடன் ஒன்றுதான்; கட்டும் காலமே வேறு. உத்தியோகம் பாராத தாயின் பிள்ளைக்கும் அதே மூக்கு, அதே சளி. ஆனால் அப்பிள்ளை இருமும்போது எவரும் தாயை விசாரணைக்கு அழைப்பதில்லை.

இவ்வாறு கூறுவதால் எல்லாக் காய்ச்சலையும் அலட்சியம் செய்யலாம் என்று எவரும் கொள்ளலாகாது. மாரி காலத்தில், வடகீழ்ப் பருவக்காற்று எமது கரையை நனைத்து வளவுகளில் நீர் தேங்கியிருக்கும் மாதங்களில், இரண்டு மூன்று நாள் நீடிக்கும் காய்ச்சல் டெங்குவாக இருக்கக் கூடும். இரத்தப் பரிசோதனை செய்தே ஆகவேண்டும். மூச்சு வேகமாக வாங்கினாலும், மூச்செடுக்கும்போது நெஞ்சு உட்குழிந்தாலும், பிள்ளை குடிக்க மறுத்தாலும், சோர்ந்து கிடந்தாலும், வலிப்பு வந்தாலும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். எஞ்சியவற்றுக்கு வேண்டியவை ஓய்வும், நீராகாரமும், வயிற்றோட்டமாயின் ஜீவனியும், அருகிலிருக்கும் ஒரு மனித முகமுமே. இவற்றுள் நான்காவதுதான் எமது சமூகத்தில் மிகவும் அருமையாகக் கிடைப்பது.

இனி ஒரு சிறு கணக்குச் செய்வோம். ஆண்டுக்கு எட்டு முறை நோய். ஒவ்வொரு முறையும் பிள்ளை முன்பள்ளிக்குப் போக முடியாத நாட்கள் மூன்று எனக் கொண்டால் மொத்தம் இருபத்து நான்கு. 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டத்தின்படி கல்முனை நகரத்துக் கடையொன்றிலோ தனியார் அலுவலகத்திலோ வேலை செய்யும் பெண்ணுக்கு வருடாந்த விடுமுறை பதினான்கு நாள். சொந்த அலுவல்களுக்கென மேலும் ஏழு நாள். கூட்டினால் இருபத்தொன்று. பெருநாளுக்கு எடுக்கவில்லை, மையித்து வீட்டுக்குப் போகவில்லை, கலியாண வீட்டுக்குப் போகவில்லை, தனக்கொரு தலையிடியும் வரவில்லை என்று வைத்துக்கொண்டாலும் மூன்று நாள் கடன் நிற்கின்றது. இரண்டாவது பிள்ளையும் இருந்தால் கணக்கைச் செய்யாமலே கைவிட்டுவிடலாம்.

அரசாங்க உத்தியோகத்தரான எமக்கு நிலைமை சற்று மேல். பிரசவத்துக்கு முழுச் சம்பளத்துடன் எண்பத்து நான்கு வேலை நாட்கள், அதன் பின்னர் அரைச் சம்பளத்துடன் எண்பத்து நான்கு நாட்கள், மேலும் வேண்டுமாயின் சம்பளமின்றி எண்பத்து நான்கு நாட்கள். பாலூட்டும் தாய் பிள்ளைக்கு ஆறு மாதமாகும் வரை ஒரு மணித்தியாலம் முன்னதாக வீடு செல்லலாம். இவை போராடிப் பெற்றவை. இவற்றைக் குறைத்து மதிப்பிட நான் ஒருப்படேன். ஆயினும் தாபனக் கோவையை எழுதியோர் குழந்தை என்பதைப் பிறந்து சில மாதங்களில் முடிந்துவிடும் ஒரு நிகழ்ச்சியாகவே கருதியுள்ளனர். இரண்டரை வயதில் அது முன்பள்ளிக்குப் போகும், போன முதல் வாரத்திலேயே மூக்கு ஒழுகத் திரும்பி வரும் என்பது அவர்கள் ஏட்டில் இல்லை. தகப்பனுக்கோ மூன்றே நாள். தனியார் துறையில் அந்த மூன்றும் சட்டத்தில் இல்லை.

விடுமுறை இல்லாத இடத்தில் என்ன நிகழ்கின்றது? காலை ஆறரை மணிக்குப் பிள்ளையின் உடல் சுடுகின்றது. ஏழரைக்குப் பாடசாலை மணி அடிக்கும். தாய் ஒரு கரண்டி பனடோல் பாணியைக் கொடுத்து, உடம்பு குளிர்ந்ததும் சட்டையை மாட்டி அனுப்பிவிடுகிறாள். அம்மருந்தின் வேலை நான்கு முதல் ஆறு மணித்தியாலம். பத்தரைக்கும் பதினொன்றுக்குமிடையில் முன்பள்ளியிலிருந்து தொலைபேசி ஒலிக்கின்றது. அதற்குள் அப்பிள்ளை மூன்று பேருடைய தண்ணீர்ப் போத்தலைத் தொட்டாயிற்று. அடுத்த வாரம் அந்த மூன்று வீட்டிலும் காய்ச்சல். அவளைப் பொறுப்பற்ற தாய் என்று திட்டுவது எளிது. ஆனால் அவளுக்கு முன் இருந்த இரண்டு வழிகளுள் மற்றையது எது என்று திட்டுவோர் சொல்வதில்லை.

இதன் அடுத்த கட்டம் இன்னும் கொடிது. மாலையில் அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தனியார் வைத்தியசாலையில் டாக்டரைச் சனல் பண்ணுகிறாள். டாக்டரிடம் அவள் வைக்கும் வேண்டுகோள் ஒன்றே: "நாளைக்குக் காலையில் சுகமாகிவிட வேண்டும்." தடிமன் தன் போக்கில் ஏழு முதல் பத்து நாள் சென்றுதான் தீரும், இருமல் அதற்கு மேலும் இழுக்கும். இது டாக்டருக்குத் தெரியும். ஆனால் வரிசை நீளம், விளக்க நேரமில்லை, வெறுங்கையோடு அனுப்பினால் அடுத்த முறை அவள் வேறு டாக்டரிடம் போவாள். ஆகவே வைரசின் மீது எவ்வித பலனுமற்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்தொன்று துண்டில் ஏறுகின்றது. மூன்றாம் நாள் இயல்பாகவே காய்ச்சல் விட, மருந்து புகழ் பெறுகின்றது. கிருமிகள் மருந்துக்கு அடங்காமற் போவது உலகெங்கும் மருத்துவர்கள் அஞ்சும் ஆபத்து. மக்களின் அறியாமையே அதற்குக் காரணமென மேடைகளிற் பேசுகின்றனர். அறியாமையும் உண்டு. ஆனால் அந்தத் தாய் கேட்டது உண்மையில் மருந்தை அன்று. மூன்று நாள் லீவை. அதைத் தருவதற்கு டாக்டரிடம் அதிகாரம் இல்லாததால் மருந்தைத் தந்தார்.

என் மகள் முன்பள்ளியிற் சேர்ந்த முதல் தவணையில் மூன்று தடிமன், ஒரு வயிற்றோட்டம், ஒரு கண்நோய். அப்போது நான் கடமையாற்றிய பாடசாலையிற் சாதாரண தர வகுப்புக்குத் தமிழ் கற்பித்துக்கொண்டிருந்தேன். நான் லீவில் நின்ற நாட்களில் அவ்வகுப்புப் பிள்ளைகள் வெறுமனே அமர்ந்திருந்தனர் என்பதும் உண்மையே. எவருடைய பிள்ளைகளோ என்று அதை நான் மறந்துவிடவில்லை. ஆசிரியர் கூட்டத்தில், பெண்கள் பெருகியதால் பாடசாலை பாழாகிறதென்று ஒருவர் கூறினார். இந்நாட்டு ஆசிரியருள் ஏறத்தாழ நால்வரில் மூவர் பெண்கள். அவர்கள் நாளைக் காலை வீட்டோடு நின்றுவிட்டால் பாழாவதற்குப் பாடசாலையே மிஞ்சாது என்று அவருக்குச் சொல்ல ஒருவரும் எழவில்லை. பதில் ஆசிரியர் ஏற்பாடு செய்வது கல்வித் திணைக்களத்தின் கடமை. அக்கடமை நிறைவேறாத வெற்றிடத்துக்கு ஒரு மூன்று வயதுக் குழந்தையின் சளியைக் காரணங் காட்டுவது என்ன நியாயம்?

எமது பிரதேசத்தில் இதுகாறும் இப்பிரச்சினை வெடிக்காமல் இருந்ததற்குக் காரணம் ஒன்றே: மூத்தம்மா. தாய்வழிக் குடி மரபுள்ள ஊர்கள் எமது ஊர்கள். கலியாணம் முடித்த பெண் தன் தாய் வீட்டிலோ, அதே வளவிற் கட்டிய புது வீட்டிலோ வாழ்கிறாள். மாப்பிள்ளைதான் குடிபெயர்ந்து வருகிறான். ஆகவே பெண்ணின் தாய் வேலிக்கு அப்பால், பல வேளை வேலியே இல்லாமல், கூப்பிடு தூரத்தில் இருக்கிறாள். நெற்றியில் ஈரத்துணி போடவும், கொத்தமல்லி அவித்துக் கொடுக்கவும், இரவெல்லாம் நெஞ்சைத் தடவிக்கொண்டு விழித்திருக்கவும் அவள் இருக்கிறாள். சம்பளம் இல்லை, லீவு இல்லை, ஓய்வூதியம் இல்லை. கல்முனைக் கரையில் எத்தனை அலுவலகங்கள் காலையில் உரிய நேரத்திற் திறக்கின்றனவோ அத்தனையும் இக்கிழவிகளின் முதுகின் மீதே திறக்கின்றன. அரசாங்கத்தின் வரவு செலவுத் திட்டத்தில் இவர்களுக்கென ஒரு வரி எழுதப்பட்டதில்லை.

அந்த முதுகும் வளைந்துவிட்டது. 2004 டிசம்பர் 26ஆந் திகதி கடல் வந்தபோது இலங்கையிலேயே மிக அதிகமான உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. மருதமுனையிலும் கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் பல வளவுகள் மூத்தம்மாக்களோடு போயின. எஞ்சியோரிற் பலர் தாய் வளவை விட்டுச் சாய்ந்தமருது வொலிவேரியன் கிராமம் போன்ற புதிய குடியேற்றங்களுக்குச் சென்றனர். மகள் ஓரிடம், தாய் வேறிடம் ஆயிற்று. இன்னுஞ் சில வீடுகளில் மூத்தம்மாவே நீரிழிவோடும் முழங்கால் நோவோடும் படுத்திருக்கிறாள். மகள் பிள்ளையையும் பார்க்கவேண்டும், தாயையும் பார்க்கவேண்டும். வேறு சில வீடுகளிலோ மகள் சவூதியிலோ குவைத்திலோ வேறொருவர் வீட்டுப் பிள்ளைக்கு நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டிருக்கிறாள்.

இவ்விடத்தில் அரசின் கருணையை நினைவுகூராதிருக்க முடியாது. 2013ஆம் ஆண்டில் ஒரு சுற்றுநிருபம் வந்தது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாய் வீட்டுப் பணிப்பெண்ணாக வெளிநாடு செல்லக் கூடாது. குடும்பப் பின்னணி அறிக்கை பெற்றே எந்தப் பெண்ணும் செல்லலாம் என்றது அது. குழந்தைக்குத் தாய் அருகிருத்தல் வேண்டும் என்று நியாயமும் உரைத்தனர். நல்லது. 2022இல் நாடு வங்குரோத்தாகி டொலருக்கு அலைந்தபோது அவ்வயது எல்லை இரண்டாகக் குறைந்தது. குழந்தையின் தேவை ஒன்பதாண்டில் மாறவில்லை. திறைசேரியின் தேவை மாறிற்று. ஐந்து வயது வரை தாய் அருகிருத்தல் வேண்டும் என்று ஏழைப் பெண்ணின் கடவுச்சீட்டைத் தடுத்து வைத்த அதே அரசு, உள்ளூரில் உழைக்கும் தாய்க்கு அந்த ஐந்து வயதுப் பிள்ளை காய்ச்சலிற் கிடக்கையில் அருகிருக்க ஒரு நாளேனும் கொடுத்ததா? இல்லை. தாய்மையைத் தடைச்சட்டமாக்கத் தெரிந்தவர்க்கு அதை உரிமையாக்கத் தெரியவில்லை.

மாதச் சம்பளக்காரரின் கதையை மட்டும் பேசிவிட்டு ஓய்வது முறையன்று. மருதமுனைத் தறிகளில் நெய்யும் பெண்ணுக்கு லீவு என்ற சொல்லே கிடையாது. நெய்த துணிக்குத்தான் கூலி. பிள்ளை மடியிற் கிடந்தால் தறி நிற்கும். தறி நின்றால் அன்றைய வருமானமும் நிற்கும். பன்பாய் இழைப்பவளுக்கும், அரிசி இடித்து விற்பவளுக்கும், வீடு வீடாகச் சென்று சமைத்துக் கொடுப்பவளுக்கும் இதே விதி. அவர்களிற் பலர் பிள்ளையை முன்பள்ளிக்கு அனுப்புவது அந்த மூன்று மணித்தியாலம் கை ஓடட்டும் என்பதற்காகவே. விடுமுறைச் சட்டம் எதுவும் அவர்களை எட்டாது. நோயுற்ற பிள்ளையுள்ள வாரத்துக்கு ஒரு சிறு கொடுப்பனவு, சமூகப் பாதுகாப்பு நிதியிலிருந்து நேரடியாக வழங்கப்பட வேண்டும். இதைச் சொன்னால் நாடு தாங்காது என்பர்.

நாடு தாங்காது என்ற இச்சொல் எமக்குப் பழக்கமானது. 1939இல் பிரசவ நன்மைகள் கட்டளைச்சட்டம் வந்தது. அப்போது நாடு அந்நியன் ஆட்சியிலிருந்த ஏழை நாடு. 1945இல் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. எதிர்த்தோர் அன்றும் செலவைத்தான் காட்டினர். 1946இல் இந்நாட்டிற் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 141 முதலாண்டிலேயே இறந்தன. இன்று அத்தொகை பத்துக்குக் கீழ். குடும்ப நல உத்தியோகத்தர் துவிச்சக்கர வண்டியில் ஒழுங்கை ஒழுங்கையாய்ச் சென்றதாலும், தாய்மார் எழுத்தறிவு பெற்றதாலும், இலவச ஆஸ்பத்திரி திறந்திருந்ததாலும் நேர்ந்த மாற்றம் அது. பிள்ளை சாகக் கூடாது என்று எம் முன்னோர் கேட்டனர், பெற்றனர். சாகாமல் ஆண்டுக்கு எட்டு முறை காய்ச்சலிற் கிடக்கும் பிள்ளைக்கு அருகில் ஒருவர் இருக்க வேண்டும் என்று நாம் கேட்கிறோம். முந்தைய கோரிக்கையை விட இது பெரிதா?

மலைநாட்டுத் தோட்டங்களில் வெள்ளைத் துரைமார் காலத்திலேயே பிள்ளைக் காம்பரா இருந்தது. கொழுந்து எடுக்கும் தாயின் குழந்தையை ஓர் ஆயா பார்த்துக்கொள்வாள். துரைக்கு இரக்கம் பொங்கி அது எழவில்லை. கொழுந்து நிறை குறையக் கூடாது என்பதற்காகவே எழுந்தது. எனினும் எழுந்தது. பெண்ணின் உழைப்பு இன்றித் தன் இலாபம் இல்லை என்று அத்துரை அறிந்திருந்த அளவுக்கேனும் இன்றைய தனியார் முதலாளியோ கல்வி அமைச்சோ அறிந்திருக்கவில்லை.

வெளியுலகிற் பார்ப்போம். 1917 புரட்சிக்குப் பின் சோவியத் அரசின் சமூக நலப் பொறுப்பேற்ற அலெக்சாந்திரா கொலந்தாய், தாய் சேய் பாதுகாப்பைத் தனிப்பட்ட குடும்பத்தின் தலையிற் சுமத்தாது சமூகத்தின் கடமையாக வைத்தார். சுவீடனில் 1974 முதல், பிள்ளை நோயுற்றால் தாயோ தகப்பனோ வேலைக்குப் போகாது நிற்கலாம். இன்று ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 120 நாள் வரை, பன்னிரண்டு வயது வரை, சம்பளத்தின் பெரும் பகுதியை அரசாங்கக் காப்புறுதி கொடுக்கின்றது. சர்வதேசத் தொழில் நிறுவனம் 1981இல் வெளியிட்ட 165ஆம் இலக்கப் பரிந்துரை, பிள்ளை நோயுறும்போது தாய்க்கும் தகப்பனுக்கும் விடுமுறை கிடைக்க வேண்டும் என்றே கூறுகின்றது. நாம் சுவீடன் அல்லேம். 120 நாள் கேட்கவுமில்லை. ஆண்டுக்குப் பத்து நாள், தாய்க்கும் தகப்பனுக்கும் தனித்தனியே, அவ்வளவே.

எம் தோழர்களிடமும் ஒரு கேள்வி. 2021ஆம் ஆண்டில் ஆசிரியரும் அதிபர்களும் மூன்று மாதத்துக்கு மேலாக இணையவழிக் கற்பித்தலைப் பகிஷ்கரித்து வரலாறு படைத்தனர். சம்பள முரண்பாட்டைத் தீர்க்க வேண்டும் என்பது அதன் மையக் கோரிக்கை, நியாயமான கோரிக்கை. ஆயினும் அந்நாட்களில் நான் கண்ட பதாகைகளுள் ஒன்றிலேனும் நோயுற்ற பிள்ளைக்கான விடுமுறை பற்றி ஒரு வரி இருக்கவில்லை. சங்க உறுப்பினரிற் பெரும்பாலார் பெண்கள். மேடையில் அமர்ந்திருப்போரிற் பெரும்பாலார் ஆண்கள். கூட்டம் மாலை நான்கரைக்கு வைக்கப்படும். பிள்ளைக்குக் காய்ச்சலாயிருக்கும் தாய் வரமாட்டாள். வராதவளின் பிரச்சினை நிகழ்ச்சி நிரலில் ஏறாது. பெண் விடுதலை பற்றி நீண்ட கட்டுரை எழுதும் தோழர் ஒருவர் தன் பிள்ளையின் காய்ச்சலுக்கு இதுவரை ஒரு நாளேனும் லீவு போட்டதுண்டா என்று அவர் மனைவியிடம் யாரேனும் கேட்டறிய வேண்டும்.

முன்பள்ளிகளையும் சற்று நோக்குவோம். பல இடங்களில் ஒரே அறையில் முப்பது பிள்ளைகள், யன்னல் சிறிது, குழாய் ஒன்று, சவர்க்காரம் பரிசோதகர் வரும் நாளில் மட்டும். பிள்ளைகள் சவர்க்காரமிட்டுக் கை கழுவப் பழக்கினால் வயிற்றோட்டத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கைக் குறைக்கலாம் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. இதற்குப் பெரும் பணம் வேண்டாம். மறுபுறம், மூக்கு ஒழுகினாலே பிள்ளையைத் திருப்பி அனுப்பும் நிலையங்களும் உண்டு. காய்ச்சலோ வாந்தியோ வயிற்றோட்டமோ இன்றி ஓடி விளையாடும் பிள்ளையைச் சிறு தடிமனுக்காக வீட்டில் நிறுத்தத் தேவையில்லை. நோய் பரவ வேண்டிய அளவு ஏற்கனவே பரவியாயிற்று. ஆனால் முன்பள்ளி ஆசிரியையைக் குறைகூறுமுன் அவள் கையிற் பெறும் தொகையைக் கேட்டறிக. எமது பாடசாலைச் சிற்றூழியரின் சம்பளத்துக்கும் அது எட்டாது. பிள்ளைகளிடமிருந்து பிடித்த தடிமனோடு அவளும் வருகிறாள், ஏனெனில் அவளுக்கும் லீவு இல்லை. அவளுக்கும் ஒரு பிள்ளை இருக்கக் கூடும்.

கோரிக்கையை எழுதும்போது இரண்டு விடயங்களில் விழிப்பு வேண்டும். தகப்பனுக்குரிய பத்து நாளைத் தாயின் பெயருக்கு மாற்ற இடமளிக்கலாகாது. இடமளித்தால் இருபதும் அவள் தலையிலேயே விழும், அதிபரும் முன்னையிலும் அதிகமாக முகஞ் சுளிப்பார். மற்றையது, முதல் மூன்று நாளுக்கு மருத்துவச் சான்றிதழ் கேட்கலாகாது. கேட்டால், வீட்டிற் படுத்துறங்க வேண்டிய தடிமன் பிள்ளைகளெல்லாம் ஒரு துண்டுக் காகிதத்துக்காக ஆஸ்பத்திரி வெளிநோயாளர் பிரிவின் வாங்கில், டெங்குக் காய்ச்சலோடு வந்த பிள்ளைக்கு அருகில், காலை ஏழு மணி முதல் வரிசையில் அமர்ந்திருக்கும்.